இடது பக்கச் சுவர்

காரில் வரும் தலைவர் ஓட்டுநருக்கு இடது பக்கம், முன் சீட்டில்தான் உட்காருவார். மதுரையில் ஒரு டிசைனிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கற்ற முதல் அரசியல் பாடம் இது. விமான நிலையத்தில் இறங்கி, பெருங்குடி, அவனியாபுரம், வில்லாபுரம் என்று ஊருக்குள் நுழைந்து, வைகையைத் தாண்டி, அழகர்கோவில் சாலையில் இருக்கும் சர்க்யூட் ஹவுஸ் போய்ச் சேர்கிற வரைக்கும், பேனர் வைக்கச் சாலையின் இடது பக்கம் யாருக்கு என்பதில் அடிதடியே நடக்கும். வலது பக்கத்தைச் சும்மா கொடுத்தாலும் சீந்த ஆளிருக்காது.

"வலது பக்கம் வச்சா டிரைவர்தான் தம்பி பாப்பான். டிரைவரா எனக்கு சீட்டு குடுக்கப் போறான்?" என்றார் ஒரு வட்டச் செயலாளர்.

கட்சிக்காரர்கள் ஆளைப் பெயர் சொல்லிப் பேசுவது குறைவு. பதவிதான் பெயர். "வட்டம் வந்துட்டாரா? பகுதி என்ன சொல்லுச்சு? மாவட்டம் காதுக்குப் போயிருச்சா?" அதனால் இவரும் எங்களுக்கு வட்டம்தான். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எங்கள் கடைக்கே கட்சி கிடையாது. ஒவ்வொரு கட்சிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் அந்தந்தத் தலைவர்கள் பின்னணி வெட்டிய படங்களாகக் கும்பிட்டபடியும் கையசைத்தபடியும் காத்திருப்பார்கள். காலையில் கறுப்பு சிவப்பு, மதியம் கறுப்பு வெள்ளை சிவப்பு, சாயங்காலம் ஒரு காதுகுத்து.

வட்டத்தின் டிரைவர் கணக்கு எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது, அந்த மனிதர் பேனரை ஊருக்காக வைக்கவே இல்லை. லட்சம் பேர் பார்க்கிற இடத்தில் வைத்தாலும் அதைப் படிக்க வேண்டியவர் ஒருவர். அவர் ஒரு நொடி கண்ணாடி வழியாகத் திரும்பினால் போட்ட பணம் எடுத்தாயிற்று. மற்றவர்கள் பார்ப்பது உபரி. சில சமயம் உபத்திரவமும்கூட. ஏனென்றால் அந்த மற்றவர்களில் மாவட்டமும் உண்டு.

"தம்பி, என் மூஞ்சியக் கொஞ்சம் சின்னதாப் போடு."

"இதுக்கு மேல சின்னதாக்கினா அடையாளம் தெரியாதுண்ணே."

"தெரியாட்டிப் பரவால்ல. மாவட்டம் தலைய விட ஒரு நூலு சின்னதா இருக்கணும். அவரு சொல்ல மாட்டாரு, ஆனா மனசுல வச்சுக்குவாரு."

மாவட்டத்தின் நெற்றியிலிருந்து மோவாய் வரை திரையில் ஸ்கேலை வைத்தே அளப்பார். பிறகு தன் தலையை அளப்பார். பகுதிச் செயலாளரின் தலை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே இடது ஓரத்தில் மறைந்த தலைவர்கள் வட்ட வட்டமாக, ஸ்டாம்ப் சைஸில். நடுவில் இப்போதைய தலைவர் முழு உருவமாக. தலைவரின் தோளுக்குப் பக்கத்தில் யார் முகமும் வரக்கூடாது, முழங்கைக்குக் கீழேதான் எல்லாரும். இவ்வளவு பவ்வியத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் மெதுவாகச் சொல்வார்: "என் படத்தக் கீழ வலது மூலையில போடு. வாசிச்சு முடிச்சதும் கண்ணு அங்கதான் வந்து நிக்கும்." விளம்பரக் கல்லூரி எதிலும் அவர் படித்ததில்லை. ஆனால் கண் எங்கே வந்து நிற்கும் என்பது தெரிந்திருந்தது.

என் சித்தப்பா காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவர் சுவர் எழுதுகிறவர். அந்தக் காலத்துச் சுவரில் தொண்டனுக்கு முகமே கிடையாது, பெயர்தான். நீலம் கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்து, காயவிட்டு, நூல் பிடித்து, கட்டை எழுத்தில் தலைவர் பெயரை எழுதி, சின்னத்தை வரைந்து, அடியில் பொடி எழுத்தில் 'இவண்' என்று போட்டு ஊர்க்காரர் பெயர். முகம் வரைய நேரமாகும், கூலி கூடும். தலைவர் முகத்துக்கு மட்டும்தான் அந்தச் செலவு. சுவர் பிடிப்பதுதான் பெரிய போர். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே போய் வெறும் சுண்ணாம்பை அடித்து, ஆண்டைக் குறித்து, கட்சிப் பெயரைப் போட்டு 'ரிசர்வ்டு' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்கிற பழக்கம் இல்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. சித்தப்பா அந்தச் சட்டம் வந்த பிறகுதான் தொழிலையே கற்றுக்கொண்டார்.

எதிர்க்கட்சியின் சுவரை முழுக்க வெள்ளையடித்து அழிக்கலாம். சொந்தக் கட்சிக்காரன் சுவர் என்றால் முறை வேறு. தலைவர் பெயர் மேல் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு படக்கூடாது. 'இவண்' வரியை மட்டும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். ராத்திரி எழுதிய பெயர் விடியும்போது வேறாக இருந்ததைச் சித்தப்பா எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். எழுதினவரும் அவரே, அழித்து எழுதினவரும் அவரே. இரண்டு பக்கமும் கூலி.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கட்அவுட் வேலைக்குப் போய் வந்தவர் அவர். ஊரெங்கும் ஜெயலலிதா கட்அவுட் நின்ற மாநாடு அது. ஒட்டுப்பலகையில் துண்டு துண்டாக வரைந்து, சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, கீழேயிருந்து மேலே பொருத்திக்கொண்டு போவார்கள். "நீ எதுய்யா வரஞ்ச?" என்று அப்பா கேட்டபோது, "செருப்பும் சேலைக் கரையும்" என்றார் சித்தப்பா. முகத்தை மேஸ்திரிதான் தொடுவாராம். சித்தப்பாவின் கை போன இடம் தரையோடு இருந்ததால் கூட்டம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பது அவருடைய ஆறுதல். அடுத்த வருஷத் தேர்தலில் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். கட்அவுட்டின் உயரத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். பேசிவிட்டு மறுபடி கட்அவுட் வைத்தார்கள்.

கட்அவுட் சினிமாவிலிருந்து வந்த சரக்கு. சென்னை சித்ரா தியேட்டரில் 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் வைத்த சிவாஜி கட்அவுட்டைப் பற்றி அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சாமி கதை போலச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை 'பைரவி' கதைதான். 1978. படத்தைச் சென்னையில் வெளியிட்ட தாணு, பிளாசா தியேட்டரில் ரஜினிக்குப் பெரிய கட்அவுட் வைத்து, போஸ்டரில் 'சூப்பர் ஸ்டார்' என்று போட்டார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இருக்கும்போது தனக்கு அந்தப் பட்டம் வேண்டாம் என்று ரஜினி கூச்சப்பட்டதாகத் தாணுவே சொல்லியிருக்கிறார். அந்தக் கூச்சம் உண்மையானதா, கணக்கா என்று நான் கேட்க மாட்டேன். மூத்தவர்கள் இருக்கிற இடத்தில் பட்டத்தை வேண்டாம் என்பதும், வேண்டாம் என்ற செய்தி நாலு பேருக்குப் போய்ச் சேர்வதும், பட்டம் கடைசியில் நிலைத்துப்போவதும் இந்த மண்ணில் தனித்தனி விஷயங்கள் இல்லை. வட்டம் தன் தலையை ஒரு நூல் குறைக்கச் சொன்னதும் அந்த வகைதான்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் மிஷின் வந்தது. சித்தப்பாவின் தொழிலில் முதல் மண் அதுதான். 2006 தேர்தலில் நகரங்களில் சுவர் எழுதக்கூடாது என்று தேர்தல் ஆணையம் கண்டிப்புக் காட்டியபோது மீதி மண்ணும் விழுந்தது. ஃப்ளெக்ஸ் செய்த பெரிய மாற்றத்தை அரசியல் எழுதுகிறவர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. அதில் எல்லாம் சதுர அடிக் கணக்கு. எழுத்து போட்டாலும் அதே காசு, முகம் போட்டாலும் அதே காசு. அதுவரை தலைவருக்கு மட்டும் இருந்த முகம் ஒரே வருஷத்தில் எல்லாருக்கும் வந்துவிட்டது. கிளைச் செயலாளருக்கு முகம், அவர் மச்சினனுக்கு முகம், மூன்று வயசுப் பேரனுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவர் நடுவில் தனியாக இருக்க, துக்கத்தில் ஆழ்ந்திருப்பவர்கள் சுற்றிலும் முப்பது பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாருக்கும் முகம் வந்ததும் போட்டி அளவுக்கும் இடத்துக்கும் மாறியது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தங்கள் படத்தைப் பற்றிப் பேசியதைவிட அடுத்தவர் படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். 'அவரு படம் விட்டுப்போச்சுன்னு இருக்கட்டும், கேட்டா ஆபரேட்டர் தப்புன்னு சொல்லிக்கிறேன்' என்பது வாரம் ஒரு முறை காதில் விழும். ஆபரேட்டர் நான்தான். மதுரையில் எத்தனை பேருடைய கோபத்துக்கு என் பெயர் கேடயமாக இருந்ததோ தெரியாது.

வட்டத்தின் உச்சகட்ட வித்தை வேறு. அவருக்குப் பிறந்தநாள் வரும். வாழ்த்துப் போஸ்டர் அஞ்சு தினுசில் அடிக்க வேண்டும். ஒன்றில் இவண் 'அன்புத் தம்பிகள்', ஒன்றில் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், ஒன்றில் ஏதோ ஒரு தெரு மகளிர், இப்படி. அஞ்சுக்கும் பணம் அவர் பையிலிருந்துதான் வரும். வாசகத்தையும் அவரே எழுதிக்கொண்டு வருவார். "'எங்கள் விடிவெள்ளியே' வேண்டாம் தம்பி, ஓவர். 'உழைப்பால் உயர்ந்தவரே'ன்னு போடு. பகுதிக்கு அது உறுத்தாது." எந்த வார்த்தை யாருக்கு உறுத்தும் என்று மனதில் ஒரு அகராதியே வைத்திருந்தார்.

அதே மனிதர் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஒரு தாளை நீட்டினார். பகுதிச் செயலாளர் மேல் புகார். கோயில் நிலம், கமிஷன் என்று நாலு வரி. அடியில் 'உண்மைத் தொண்டர்கள்'. மொட்டைக் கடிதம் மாதிரி இது மொட்டைப் போஸ்டர். அச்சகத்தின் பெயர் போடாமல் தேர்தல் போஸ்டர் அடித்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். "இப்ப ஏதுண்ணே எலெக்சன்?" என்றார் வட்டம். முதலாளி முடியாது என்றுவிட்டார். விடிந்து பார்த்தால் பகுதியின் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. மதுரையில் அச்சகத்துக்கா பஞ்சம்? ஒட்டின பசங்களுக்குக் காலையில் டீ வாங்கிக் கொடுத்தவர் வட்டம் என்பது தெருவுக்கே தெரியும். அன்று மத்தியானம் அவரே எங்கள் கடைக்கு வந்து, பகுதிக்கு ஆதரவாக ஒரு கண்டனப் போஸ்டர் அடித்துக்கொண்டு போனார். அதில் தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார்.

ஒரு போஸ்டர் எவ்வளவு தூரம் போகும் என்பதை மதுரை 2014-இல் பார்த்தது. ஜனவரியில் அழகிரி ஆதரவாளர்கள் ஒட்டிய சுவரொட்டிகளை வைத்துத்தான் தி.மு.க. தலைமை மதுரை மாநகர அமைப்பையே கலைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் அழகிரியும் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். சுவரில் ஒட்டிய தாளைக் கோபாலபுரமும் அறிவாலயமும் வரிக்கு வரி படித்தன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதன் பிறகு கொஞ்ச காலம் எங்கள் கடையில் வாசகத்தை ரெண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகுதான் பிரிண்ட் கொடுப்போம்.

பெரியதாகத் தெரிவதைவிடச் சிறியதாகத் தெரிவதற்கு அதிக சாமர்த்தியம் வேண்டும். அ.தி.மு.க.வில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைப் பை அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி மெல்லிசாக இருக்கும். உள்ளே அம்மா படம் வெளியே பார்த்தபடி இருக்கும். சட்டைப் பைக்கு எந்தத் துணி என்று தையல்காரரிடம் தனியாகச் சொல்லித் தைத்தவர்களை எனக்குத் தெரியும். அமைச்சர்களே தங்கள் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களின் மேல் அம்மா பட ஸ்டிக்கர் ஒட்டியது நாடு முழுக்கச் சிரிப்பாகப் போனது. ஸ்டிக்கர் ஒட்டியவனின் கஷ்டம் சிரித்தவர்களுக்குத் தெரியாது. ஒட்டாமல் கொடுத்த பொட்டலம் மேலே கணக்கில் வராதே.

அந்தப் பணிவுக்குப் பேர்போனவர் ஓ. பன்னீர்செல்வம். 2017 பிப்ரவரி 7 அன்று இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் போய்க் கண்மூடி உட்கார்ந்தார். பேசவில்லை. அத்தனை தொலைக்காட்சியும் அந்த மௌனத்தை நேரலையில் காட்டியது. நாற்பது நிமிடம் போல உட்கார்ந்துவிட்டு எழுந்துதான் சசிகலாவுக்கு எதிராகப் பேசினார். அவர் அரசியல் வாழ்க்கையில் அவ்வளவு பேர் அவரைப் பார்த்தது அந்த ராத்திரிதான் என்று நினைக்கிறேன். பிறகு சசிகலா சிறைக்குப் போக, ஏப்ரலில் ராயப்பேட்டைத் தலைமைக் கழகத்திலிருந்து சசிகலா பேனர்கள் இறங்கின. அந்த மாதங்களில் எங்களைப் போன்ற கடைகளுக்கு நல்ல வருமானம். காலையில் சேர்த்த படத்தை மாலையில் எடுக்கச் சொல்வார்கள். "எடுத்த எடம் காலியாத் தெரியக்கூடாது தம்பி, ஒரு பூவ வச்சு மறைச்சிரு."

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது என்றால், நான் இருந்தது நிழலில், ஏசி அறையில். ரோட்டில் போனவர்களுக்கு இது சிரிப்பில்லை. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா அலங்கார வளைவு நின்ற இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளைஞர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல், கட்சி நிர்வாகி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. கல்யாணத்துக்கு யாரை அழைக்க அந்த பேனர்? வருகிற பெரிய மனிதரின் கண்ணில் படத்தான். அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தடை இல்லாமல் நடந்த சாவு என்றும் சொல்ல முடியாது. பேனர் வைக்க அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருந்தது. அதற்கும் முன்னால், 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்கள் படத்தை பேனரில் போடக்கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அந்த உத்தரவு நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் எங்கள் கடைக்கு ஆளே வந்திருக்காது. செத்தவர்களின் படத்துக்கு யார் செலவு செய்வார்கள்? டிராஃபிக் ராமசாமி சென்னையில் வழக்கு மேல் வழக்குப் போட்டார், பேனரைக் கையாலேயே கிழித்தார், அடி வாங்கினார். 2018-இல் அவரைப் பற்றியே சினிமா வந்தது. அதற்கும் போஸ்டர் ஒட்டித்தானே ஆக வேண்டும். பள்ளிக்கரணைக்குப் பிறகு எல்லாக் கட்சித் தலைவர்களும் நடிகர்களும் பேனர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தொண்டர்களும் கொஞ்ச நாள் அதைக் கேட்டார்கள். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ரீல்ஸும் வந்துவிட்டன, அதிலும் தலை அளவுச் சண்டைதான், அது தனிக் கதை.

வட்டத்துக்கு வருகிறேன். 2011 உள்ளாட்சித் தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. மாவட்டத்தின் சம்பந்திக்குக் கிடைத்தது. அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாநகராட்சிகளுக்குத் தேர்தலே இல்லை. கவுன்சிலர்களே இல்லாத அந்த ஐந்து வருஷத்துக்கு மேலான காலத்திலும் அவர் போஸ்டரை நிறுத்தவில்லை. கடைசியில் 2022 பிப்ரவரி 19 என்று தேதி வந்தது. மதுரையில் 100 வார்டு. பாதி இடம் பெண்களுக்கு. வட்டத்தின் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது.

அவர் மனைவி வேட்பாளர் ஆனார். நோட்டீஸ் அடிக்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்த அக்காவை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. படம் எடுக்கும்போது சிரிக்கவில்லை. திரையில் எல்லாரையும் அடுக்கினேன். மாவட்டம், பகுதி எல்லாம் வழக்கம்போல. வேட்பாளர் படத்தைப் பெரிதாக வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே சைஸ்" என்றார் வட்டம்.

வருஷக் கணக்காகத் தன் தலையை நூல் கணக்கில் குறைத்துக் காட்டியவர். மனைவியை விடக் குறைக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. ஒரே சைஸில் வைத்தேன். பெயர் வரியிலும் அக்கா பெயருக்கு முன்னால் இவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. அந்த அக்கா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தார்.

"தம்பி, ஓட்டு மிஷின்ல யாரு பேரு வரும்?"

"உங்க பேருதான்க்கா."

"அப்பச் சரி."

அவர் ஜெயித்தார். நன்றி போஸ்டரிலும் இருவரும் ஒரே சைஸ்தான். ஆனால் மாமன்றக் கூட்டத்தில் உறுப்பினரின் கணவருக்கு நாற்காலி கிடையாது.